ஒன்பதாம் நாள், ஏழாம் எண்

ஒன்பது நாளாய் அசைவில்லை.
கடலணைமேல் ஆடுகள்
வைத்தது வைத்தபடி.
புகைபோக்கிவிட்டு எழுந்த புகை
எங்கே போவதெனத் தெரியாமல்
கூரைக்குமேல் நின்று யோசிக்கிறது.

வடகடல் ஓரத்து ஊர் இது.
எங்கள் கதவுகளெல்லாம் காற்றுக்குப் பயந்து
உள்பக்கம் திறப்பவை.
அந்தக் காற்றுதான்
சொல்லாமல் விடுப்பில் போயிருக்கிறது,
அதுவும் ஜனவரியில்.

வானிலை வரைபடத்தில்
டென்மார்க்கிலிருந்து ஆல்ப்ஸ் வரை
ஒரே ஓர் உயர் அழுத்தம்,
விருந்துண்டு மல்லாந்தவன் வயிறுபோல.
இருட்டையும் காற்றின்மையையும் ஒட்டவைத்து
இதற்கு இங்கே ஒரு சொல் உண்டு.
உச்சரித்து முடிப்பதற்குள்
கையிருப்பில் உள்ள மூச்சும் செலவாகிவிடும்.

பேக்கரி நன்னே
மணிக்கு மணி மாறும் விலையில்
மின்சாரம் வாங்குகிறவன்.
நள்ளிரவு இரண்டுக்கு எழுந்து அடுப்பேற்றுகிறான்.
ஆறு மணிக்குக் கிடைக்கும் ரொட்டி
நேற்றையதுபோல் இருக்கிறது,
யாரும் குறை சொல்வதில்லை.
தெற்கே மூடிவைத்த நிலக்கரி உலையை
மறுபடி பற்றவைத்தார்களாம்.
"நல்லவேளை" என்றவரும்
"வெட்கக்கேடு" என்றவரும்
அவன் கடையின் ஒரே மேசையில்,
ஒரே விளக்கின் கீழ்.

எனக்கும் இங்வெருக்கும் மட்டும்
இது அறுவடைக் காலம்.
பலத்த காற்றில் மேலே ஏற அனுமதியில்லை.
ஏழாம் எண்ணின் மூன்றாம் இறக்கையில்
ஒரு போல்ட்
அக்டோபரிலிருந்து எங்களுக்குக் காத்திருக்கிறது.

கோபுரத்துக்குள் லிஃப்ட் முனகி ஏறியது,
வாங்கிய மின்சாரத்தில்.
சும்மா நிற்கும் காற்றாலையும் தின்னும்:
எண்ணெயைச் சூடாய் வைக்க,
சிவப்பு விளக்கை எரிக்க,
வராத காற்றின் திசைக்கு
மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்க.

தொண்ணூறு மீட்டரில் மூடியைத் தள்ளினேன்.
வெயில்!
கண் கூசும், வெட்கமில்லாத வெயில்.
கீழே மூடுபனி, பாலாடைபோல் தட்டையாய்.
அதைக் கிழித்துக்கொண்டு
ஊரார் பங்கு போட்டு வாங்கிய
பதினான்கு வெள்ளைக் கழுத்துகள்.
பாலாடைக்கு அடியில் எங்கேயோ
தொழுவங்களின் கூரைகளில் சூரியத் தகடுகள்,
சூரியன் செத்துவிட்டதென்று நம்பிக்கொண்டு.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
எந்தக் களத்துக்கும் பொருந்தும் பேச்சு.
தூற்றினோமே.
நவம்பர் புயலில் அள்ளி அள்ளித் தூற்றினோமே.
கம்பி நிரம்பிவிட்டது, நிறுத்துங்கள் என்று
தொலைபேசி வந்தது.
அத்தனை காற்றிலும்
இறக்கையைத் திருப்பிக்கொண்டு
சும்மா நின்றோம்.
துணைமின்நிலையத்து வாசலில்
ஒரு வரிசை மின்கலப் பெட்டிகள்,
இரண்டு மணி நேரக் குதிர்.
இந்த அசைவின்மையின் முதல் மாலையிலேயே
அடி தட்டியது.

போல்டை இறுக்கி முடித்தோம்.
குறடு தவறி விழுந்திருந்தால்
ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்,
அவ்வளவு நிசப்தம்.
ஃப்ளாஸ்க் காபியின் ஆவிகூட
செங்குத்தாய் ஏறியது.

இங்வெருக்கு என்ன தோன்றியதோ,
கூரைமேல் தவழ்ந்துபோய்
காற்றுமானியின் மூன்று கிண்ணங்களையும்
கன்னம் உப்ப ஊதினான்.
ஒரு சுற்று. இரண்டு.
மூன்றாவது பாதியில் நின்றது.

என் ஃபோன் அடித்தது.
கட்டுப்பாட்டு அறையில் டோர்ட்டெ,
ஒன்பது நாளாய்ப் பூச்சியங்களைப் பார்க்கிறவள்.
"ஏழில் ஏதோ காட்டியதே.
வந்துவிட்டதா?"

அவள் குரலில் இருந்ததைக் கேட்டபின்
பொய் சொல்லத் தோன்றியது.
"இல்லை. அது இங்வெர்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.
நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.
கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னொரு தடவை ஊதச் சொல்" என்றாள்.